கொய்யா விற்றவரின் பத்தியம்

செங்கல்பட்டு ராட்டினக்கிணறு நிறுத்தத்தில் தள்ளுவண்டியில் கொய்யா விற்ற சுப்பிரமணி, முப்பத்தாறு வயதுவரை ஒரு கொய்யாவைக்கூடத் தின்றதில்லை. "இனிக்குமாப்பா?" என்று யாராவது கேட்டால், "சக்கரையாட்டம் இருக்கும்மா, எடுத்துக்கோ" என்பார். பொய் சொல்கிறோம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. காயைக் கையில் எடுத்தாலே மணமும் தோலின் நிறமும் உள்ளே எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லிவிடும். கத்தியால் நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்துவிட்டு, விரலைக்கூட நாக்கில் வைக்காமல் வண்டியில் தொங்கும் துணியில் துடைத்துக்கொள்வார்.

அவருக்கு இழுப்பு. அதனால் பழம் கிடையாது.

இந்தப் பத்தியம் வைத்தியர் யாரும் விதித்ததல்ல. அவருடைய அக்கா சரோஜா விதித்தது. கருங்குழியில் அவர்கள் அப்பா திருவேங்கடம் குத்தகைக்கு நிலம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு மழைக்காலம் வந்தால் மூச்சு இழுக்கும். ஒரு ஐப்பசியில் விடாத மழை. ஏதாவது பழம் தின்ன வேண்டும்போல் இருக்கிறது என்று அம்மா கேட்டாள். சரோஜா புழக்கடை மரத்தில் ஏறி நன்றாகப் பழுத்த கொய்யா ஒன்றைப் பறித்துக் கழுவிக் கொடுத்தாள். சாயங்காலம் இழுப்பு கூடியது. மதுராந்தகத்துக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போனார்கள். பாதி வழியிலேயே அம்மா போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருத்தி, "மழ நாள்ல கொய்யாவத் துன்னா நெஞ்சு அடச்சிக்காம இன்னா பண்ணும்" என்றாள். யாரையும் குத்திச் சொல்லவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அடுப்படியில் இருந்த சரோஜாவின் காதில் அது விழுந்தது. காரியம் முடிந்ததும் அப்பாவிடம் அழுது அடம்பிடித்து அந்த மரத்தை வெட்டச் சொன்னாள்.

அடுத்த வருஷம் தம்பிக்கும் மூச்சு இழுக்கத் தொடங்கியது. சரோஜா அப்போது பாவாடை தாவணிக்கு வந்திருந்த பெண். வீட்டுச் சமையல் அவள் கையில். கொய்யா, வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளி, வெள்ளரி, தயிர் எல்லாம் தம்பி வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொண்டாள். மழைக்காலத்தில் கீரையும் கிடையாது. சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம். அவன் உடம்பு சரியில்லாமல் படுத்தால் பன்ரொட்டி. இப்படியே அவன் வளர்ந்து ஆளானான். இழுப்பு மட்டும் போகவில்லை. இழுப்பு வந்தபோதெல்லாம், தெரியாமல் எதையோ தின்றிருக்கிறான் என்று சரோஜா துருவித் துருவிக் கேட்பாள்.

வயல் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. களத்தில் போரடிக்கும்போது கிளம்பும் தூசி பட்டாலே நெஞ்சு விசில் அடிக்கும். அரிசி ஆலைக்குப் போனார், அங்கே உமி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் பழவண்டி வைத்திருந்த ஞானதாஸ் என்ற நண்பர் சென்னைத் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போனபோது, வண்டியையும் நிற்கும் இடத்தையும் இவருக்கு விட்டுக்கொடுத்தார். கொய்யா வியாபாரம் என்று கேட்டதும் சரோஜா முதலில் கூடவே கூடாது என்று நின்றாள். பிறகு, "விக்கறதுன்னா வித்துக்கோ. வாயில வெக்க மாட்டன்னு என் தலைல அடிச்சி சத்தியம் பண்ணு" என்றாள். அவர் செய்தார். அதற்குப் பின் அவருக்கு அது ஒரு கஷ்டமாகவும் இல்லை.

கல்யாணம் ஆயிற்று. விஜயகுமாரி திருப்போரூர்ப் பக்கத்துப் பெண். அவள் பிறந்த வீட்டுக் கொல்லையில் பப்பாளியும் முருங்கையும் இருந்தன. கீரை இல்லாத நாளே அங்கே கிடையாது. புகுந்த வீட்டின் சாப்பாட்டைப் பார்த்து முதலில் திகைத்தாள், பிறகு பழகிக்கொண்டாள். ஆனால் மகள் அனுவுக்கு நாலு வயதில் மூச்சு இழுத்தபோது, அந்தப் பத்தியம் குழந்தைக்கும் வந்தது. அங்கேதான் அவளால் பொறுக்க முடியவில்லை. அனு சோகையாக இருந்தாள். பல் துலக்கினால் ஈறில் ரத்தம் கசிந்தது. மாதம் ஒருமுறை கருங்குழியிலிருந்து பஸ் ஏறி வரும் நாத்தனார் அடுப்படியில் எட்டிப் பார்த்து, கூடையில் தக்காளி இருந்தால், "இது யாருக்கு?" என்று கேட்பாள். "எனக்குதாங்க்கா" என்று விஜயகுமாரி பதில் சொல்வாள்.

2001 வாக்கில் நிறுத்தத்தை ஒட்டிப் போகும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்தது. ஓரத்து மரங்களை வெட்டி, மண்ணைக் கொட்டி, ஜல்லியைப் பரப்பி, நாளெல்லாம் லாரிகள் போய்வந்தன. வண்டியில் அடுக்கிய கொய்யாவின் மேல் மாவு தூவியதுபோல் புழுதி படியும். சுப்பிரமணி தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே இருப்பார். பழத்தைத் துடைக்கலாம், நெஞ்சை என்ன செய்வது? சித்திரை வெயிலில் ஒருநாள் மத்தியானம், காய் கீறிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு வண்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்ததைப் பார்த்த ஆட்டோக்காரர் பார்த்தசாரதி அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

முகமூடி மாட்டி, ஆவியாக மருந்தை உள்ளே அனுப்பினார்கள். மாலைக்குள் பேச்சு வந்தது. மறுநாள் நெஞ்சு மருத்துவர் லக்ஷ்மிநாராயணன் வந்து ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து முழு வேகத்தில் ஊதச் சொன்னார். குழாயின் முள் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது.

"பரவாயில்ல, நேத்தைக்கு இது நகரவே இல்லை" என்றார் மருத்துவர். "சாப்பாடெல்லாம் எப்படி?"

சுப்பிரமணிக்கு அந்தக் கேள்வி பிடித்தது. தான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சொல்ல அது ஒரு வாய்ப்பு. "பத்தியமெல்லாம் சுத்தமா கீறேன் சார். சின்ன வயசுலேந்து பழம்னு ஒன்னு தொட்டதில்ல. தயிரு இல்ல, தக்காளி இல்ல. சோறு, ரசம், அவ்ளோதான்."

"என்ன தொழில்?"

"கொய்யாக்கா விக்கறேன் சார்."

மருத்துவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். சிரிப்பார் என்று விஜயகுமாரி எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. தாயின் இடுப்பை ஒட்டி நின்ற அனுவைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். கீழ் உதட்டை இழுத்து ஈறைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுக்கும் அதே பத்தியமா?"

"ஆமா சார்" என்றாள் விஜயகுமாரி.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இழுப்புக்கு மருந்து உறிஞ்சும் குழாய், இன்ஹேலர், அதை விடாமல் எடுக்க வேண்டும் என்று முதலில் சொன்னார். பிறகு சாப்பாட்டுக்கு வந்தார். "ஏதாவது ஒரு பொருள் சாப்பிட்டு ஒவ்வொரு தடவையும் மூச்சு இழுத்தா, அதை மட்டும் விட்டுடுங்க. எல்லாத்தையும் விட வேண்டாம். பழம், கீரை, காய் நிறைய சாப்பிடறவங்களுக்கு இழுப்பு கொஞ்சம் கம்மியா இருக்குன்னு பல ஊர்கள்ல பார்த்திருக்காங்க. கொய்யாவில சி சத்து அதிகம். வெங்காயத்துல, கீரைல, பழத்தோட நிறத்துலயே சில சத்து இருக்கு. புகையும் தூசியும் நுரையீரலைப் புண்ணாக்கும்போது அது கொஞ்சம் தாங்கும்னு நினைக்கறோம்."

"நினைக்கறீங்களா சார்?" என்று கேட்டாள் விஜயகுமாரி.

"ஆமா. உறுதியாச் சொல்ல முடியல. அந்தச் சத்தையே பிரிச்சு மாத்திரையாக் குடுத்துப் பார்த்தப்ப பெருசா ஒன்னும் தெரியலை. ஆனா உங்க பொண்ணோட ஈறுல ஏன் ரத்தம் வருதுன்னு கேட்டா, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. பழம் குடுங்க."

வீட்டுக்கு வந்ததும் சுப்பிரமணி யோசித்தது மூச்சைப் பற்றி அல்ல, சத்தியத்தைப் பற்றி. அக்காவின் தலையில் அடித்துச் செய்தது. மீறினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். உடம்பு தேறியதும் கருங்குழிக்குப் போய், டாக்டர் சொன்னதைச் சொல்லி, சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

சரோஜா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தூசி தம்பி பக்கம் போகாமல் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "டாக்டருக்கு இன்னா தெரியும்? அம்மா போனப்ப அவரு இருந்தாரா? நான்தான இருந்தேன். என் கையால குடுத்தேன் மணி. நீயும் போயிட்டா நான் யாருகிட்ட போயி சொல்றது?"

அவர் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

நடந்ததைக் கேட்ட விஜயகுமாரி, முந்தின நாள் விற்காமல் வண்டியில் மீந்திருந்த காய்களைக் கிளறி, நன்றாகப் பழுத்த ஒன்றை எடுத்துக் கழுவினாள்.

"இன்னா பண்ற?" என்றார் அவர்.

"சத்தியம் நீ பண்ணது. நான் பண்ணல. என் பொண்ணும் பண்ணல."

கொய்யாவைத் துண்டு போட்டு அனுவின் கையில் கொடுத்தாள். அனு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா வேண்டாம் என்று சொல்லாததால் கடித்தாள். "கல்லு கல்லா கீதும்மா" என்று விதையைத் துப்பினாள். பிறகு மீதியையும் தின்றாள். அன்று பொழுது சாயும்வரை இருவரும் மாறி மாறி அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டார்கள். அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை, சிரித்துக்கொண்டே ஓடினாள். நெஞ்சில் சத்தம் எதுவும் இல்லை.

வாரங்கள் போனபின் ஈறில் ரத்தம் நின்றது. பப்பாளி வந்தது, முருங்கைக்கீரை வந்தது, குழம்பில் தக்காளி வந்தது. கடைசியில் சுப்பிரமணியும் ஒருநாள் வண்டியில் நின்றபடியே ஒரு கொய்யாவை வாயில் வைத்தார். இத்தனை வருஷமாகத் தான் சக்கரை என்று சொன்னது சரிதானா என்று பார்த்தார். சக்கரை அளவுக்கு இனிக்கவில்லை. ஆனாலும் முழுதும் தின்றார். கருங்குழிக்கு இது எதுவும் சொல்லப்படவில்லை. சரோஜா வரும் நாளில் பழங்கள் கட்டிலுக்கு அடியில் போயின.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அவர் வண்டியோரம் திரும்பி நின்று இன்ஹேலரை உறிஞ்சுவதை யாரோ பார்த்துவிட்டார்கள். நிறுத்தத்தில் வழக்கமாகக் காய் வாங்கும் பெண் ஒருத்தி, பக்கத்திலிருந்தவளிடம், "வேணாண்டி, அந்தாளுக்கு டிபியாம்" என்று சொல்லி அழைத்துப் போனாள். அவருக்கு அது நன்றாகக் கேட்டது. தின்னும் பொருள் விற்பவனுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. மறுநாளிலிருந்து குழாயை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். மூச்சும் ஒழுங்காகவே இருந்தது. பழம்தான் தின்கிறோமே, டாக்டரே நல்லது என்றாரே, இனி குழாய் எதற்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தீபாவளிக்கு முன்பே அதை அடியோடு விட்டுவிட்டார். விஜயகுமாரி கேட்டபோதெல்லாம், "காலைலயே இஸ்துட்டேன்" என்று சமாளித்தார்.

அடுத்து வந்த பொங்கலுக்குச் சரோஜா முதல் நாளே வந்திருந்தாள். போகி விடியலில் தெரு முழுக்கப் பழைய பாய், துடைப்பம், கந்தல் எல்லாம் எரிந்தன. மூலைவீட்டுப் பையன்கள் சைக்கிள் டயர்களைப் போட்டுக் கொளுத்தினார்கள். பனியும் கரும்புகையும் கலந்து எதிர்வீடே தெரியவில்லை. வாசலில் மேளம் தட்டிக்கொண்டிருந்த அனுவை உள்ளே கூப்பிட வெளியே வந்த சுப்பிரமணி, இரண்டு தடவை இருமினார். மூன்றாம் தடவை இருமல் வரவில்லை. சுவரில் சாய்ந்து வழுக்கி உட்கார்ந்தார்.

"குழாய் எங்க?" என்று விஜயகுமாரி அலமாரியைக் கலைத்தாள். எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். உள்ளே ஒன்றுமே இல்லை. எப்போது தீர்ந்தது என்று அவருக்கே தெரியாது.

பார்த்தசாரதியின் ஆட்டோவில் நடுவில் அவரை உட்காரவைத்து இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டார்கள். வழியெல்லாம் புகை. சரோஜா தன் முந்தானையால் தம்பியின் மூக்கைப் பொத்தினாள். விஜயகுமாரி அதை விலக்கி, "காத்து வரட்டும்க்கா" என்றாள்.

அப்போதுதான் சரோஜா கேட்டாள். "பழம் ஏதாச்சும் துன்னானா?"

இனி மறைக்க விஜயகுமாரிக்குத் தெம்பு இல்லை. "துன்னாரு. ஆறேழு மாசமா துன்னுகினுதான் கீறாரு. அனுவும் துன்றா."

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது சரோஜாவுக்குக் கால் தடுக்கியது. தம்பியை விடவில்லை.

இந்த முறை மீள இரண்டு நாள் ஆனது. மருத்துவர் லக்ஷ்மிநாராயணன் படுக்கைக்கு வந்தபோது சரோஜாதான் முதலில் பேசினாள். "பழத்தாலதான் சார் வந்திச்சி. நீங்க சொன்னீங்கன்னு துன்னான். எங்கம்மாவும் இப்டிதான் போச்சி. நான் குடுத்த கொய்யாவாலதான் போச்சி."

மருத்துவர் அவளை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. "அம்மாவுக்கு அன்னிக்கு முன்னாடி இழுப்பு வந்ததே இல்லையா?"

"மழை வந்தா வரும் சார்."

"அந்த வருஷம் மழை எப்படி?"

"ஒரு வாரமா வுடல."

"மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"அப்ப இன்னா சார் மருந்து? மெளகுத் தண்ணிதான்."

"அம்மா, அந்தப் பழத்தை நீங்க குடுக்காம இருந்திருந்தாலும் அன்னிக்கு அவங்களுக்கு மூச்சு இழுத்திருக்கும். பெரும்பாலும் அப்படித்தான். ஒரு வாரமா நெஞ்சு கெட்டுக்கிட்டே வந்திருக்கு, மருந்து இல்ல, ஆஸ்பத்திரி தூரம். கேட்டதை எடுத்துக் குடுத்தீங்க, அவ்வளவுதான்."

சரோஜா கட்டில் கம்பியைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். "இத்தினி வருசத்துல ஒருத்தரும் இப்டி சொல்லல சார்" என்றாள். பிறகு வராந்தாவுக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். மத்தியானம் விஜயகுமாரி சாப்பாடு வாங்கி வந்து கூப்பிட்டபோதும் அங்கேயே இருந்தாள்.

மருத்துவர் சுப்பிரமணியின் பக்கம் திரும்பியபோது குரல் மாறியிருந்தது. "குழாயை ஏன் விட்டீங்க?"

அவர் நடந்ததைச் சொன்னார். டிபி என்று பேசியதையும் சொன்னார்.

"பழம் நல்ல சாப்பாடுன்னுதான் சொன்னேன். மருந்துன்னு சொல்லலை. தினம் ஒரு கூடை தின்னாலும் டயர் புகைக்கு முன்னாடி அது நிக்காது. நீங்க போயிருந்தா உங்க அக்கா பாவம், அந்தப் பழியையும் அவங்கதான் சுமந்திருப்பாங்க. யோசிச்சீங்களா?"

சுப்பிரமணி யோசித்திருக்கவில்லை. அவருக்கு அழுகை வந்தது. முகமூடி போட்டுக்கொண்டு அழக்கூடாது என்று செவிலி அதட்டினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் ராட்டினக்கிணற்றுக்குப் போகவில்லை. பொத்தேரியில் ரயில் நிலையத்தின் மறுபக்கம், கல்லூரி மாணவர்கள் விடுதிக்குப் போகும் சந்தில் இடம் பார்த்தார். நெடுஞ்சாலைப் புழுதி அங்கே அவ்வளவு வராது. இன்ஹேலரைச் சட்டைப்பையில் வெளியே தெரியும்படி வைத்தார். முதல் நாளே ஒரு மாணவன், "அண்ணாத்த, உங்களுக்கும் வீசிங்கா?" என்று கேட்டு, தன் பையிலிருந்து அதே மாதிரி குழாயை எடுத்துக் காட்டினான். பிரவின்குமார் என்று பெயர். தேர்வு நெருங்கினால் தனக்கு அதிகமாகும் என்றான். எப்படி உறிஞ்சினால் மருந்து தொண்டையில் தங்காமல் உள்ளே போகும் என்று இருவரும் வண்டியோரம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து யாரும் காய் வாங்காமல் போகவில்லை.

சரோஜா அந்தப் பொங்கல் முடிந்து ஊருக்குப் போகும்முன் தம்பியைக் கூப்பிட்டு, "அந்த சத்தியத்த நான் எடுத்துகினேன்" என்று சொன்னாள். அதற்கென்று சடங்கு எதுவும் செய்யவில்லை. அவள் மட்டும் கடைசிவரை கொய்யா தொடவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. ஆனால் மாதாமாதம் வரும்போது கருங்குழிச் சந்தையிலிருந்து அனுவுக்கென்று பொன்னாங்கண்ணிக் கட்டு ஒன்றை மஞ்சப்பையில் கொண்டுவருவாள். அதை ஆய்ந்து கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

2007-இல் பரிசோதனைக்குப் போனபோது சுப்பிரமணி ஊதிய குழாயில் முள் முன்னைவிட நல்ல தூரம் போயிற்று. "பழத்தாலயா சார்?" என்று கேட்டார். குழாய் மருந்தும் இருக்கலாம், புழுதிச் சாலையை விட்டதும் இருக்கலாம், சாப்பாடும் கொஞ்சம் இருக்கலாம், எது எவ்வளவு என்று தன்னால் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் லக்ஷ்மிநாராயணன். சுப்பிரமணிக்கு அந்தப் பதிலில் குறை இல்லை. அவருக்கு இப்போதும் மார்கழியில் மூச்சு இழுக்கும். பனி இறங்கும் நாட்களில் வெயில் ஏறிய பிறகே வண்டியைத் தள்ளுவார். எட்டாவது படித்துக்கொண்டிருந்த அனு பள்ளி ஓட்டப்பந்தயத்தில் பெயர் கொடுத்திருந்தாள். ஓடுவதற்கு முன் குழாயை உறிஞ்சிக்கொண்டு ஓடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போட்டியன்று வியாபாரத்தை விட்டுவிட்டு அவர் மைதானத்துக்குப் போனார். அவள் நான்காவதாக வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அது அடங்கியது.